ஃபிஷ் ஷெல்லில் சூழல் மாறிகள்: எல்எஸ் கூட ஓடாமல் போனது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். உபுண்டு கணினியில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லை மாற்றி, பாஷை விட்டு ஃபிஷ்ஷுக்கு வந்திருக்கிறீர்கள். பழைய பாஷ்ஆர்சி கோப்பின் அடியில் இருந்த எக்ஸ்போர்ட் வரிகளை அப்படியே எடுத்து ஃபிஷ்ஷின் கான்ஃபிக் கோப்பில் ஒட்டினீர்கள். புதிய டெர்மினலைத் திறந்தால் எல்எஸ், நானோ எதுவும் ஓடவில்லை. பாஷுக்குள் போய் அந்த வரிகளை நீக்கிவிட்டு, ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா ஹோம் மாறியை மட்டும் ஃபிஷ் முறைப்படி 'செட்' கொண்டு வைத்தீர்கள். எக்கோ போட்டால் ஜாவா 17 இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஜாவா திட்டங்களைக் கட்டும் கருவியான மேவனோ 21-ஐ எடுத்துக்கொண்டு ஓடுகிறது. பாஷுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

திரும்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள், இரண்டுக்கும் ஒரு வரித் திருத்தம் போதும். ஆனால் ஏன் நடந்தது என்பது புரிந்தால்தான் நாளைக்குப் பைதானும் ரஸ்டும் நோடும் வரும்போது மறுபடி இதே இடத்தில் நிற்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிப் பெயர்கள் பெரிய எழுத்தில், 'ஃபிஷ்_' என்று தொடங்குபவை மட்டும் சிறிய எழுத்தில்.

முதலில் அந்த எல்எஸ் விவகாரம். நீங்கள் ஒட்டிய வரிகளில் கெடுதல் செய்தது இது:

எக்ஸ்போர்ட் பாத்=$பாத்:$ஹோம்/கோ/பின்

பாத் என்பது கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளை ஷெல்லுக்குச் சொல்லும் மாறி. பாஷுக்கு அது ஒரே நீளமான சரம், அதாவது எழுத்துத் தொடர். நடுநடுவே முக்காற்புள்ளி இருக்கும், அவ்வளவுதான். அதன் வாலில் இன்னொரு துண்டை ஒட்டினால் வேலை முடிந்தது. ஃபிஷ்ஷுக்குப் பாத் ஒரு பட்டியல். உபுண்டுவில் வழக்கமாக அதில் 9 கோப்புறைகள் இருக்கும், ஒன்பதும் தனித்தனி உருப்படிகள். ஒரு சொல்லுக்குள் பட்டியலை நுழைத்தால் ஃபிஷ் அந்தச் சொல்லை உருப்படிக்கு ஒன்றாகப் பெருக்கிவிடும். எக்ஸ்போர்ட்டை எடுத்துவிட்டு அதே வரிக்கு முன்னால் எக்கோ போட்டுப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும்: 'பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்:...கோ/பின்', 'பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:...கோ/பின்' என்று ஒன்பது துண்டுகள் வரிசையாக வந்து விழும்.

ஃபிஷ்ஷில் எக்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. பாஷிலிருந்து வருகிறவர்களுக்காக வைத்த சிறிய துணைச் செயல்பாடு அது, உள்ளே செட்டைத்தான் கூப்பிடுகிறது. அது ஒன்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து பாத்தில் வைக்கிறது. இரண்டாவது வந்ததும் முதலாவது அழிகிறது, மூன்றாவது வந்ததும் இரண்டாவது அழிகிறது. கடைசியில் மிஞ்சுவது ஒன்பதாவது மட்டும்: /ஸ்னாப்/பின், அதோடு உங்கள் கோ/பின். எல்எஸ் இருப்பது /யூஎஸ்ஆர்/பின்னில். அந்தக் கோப்புறையே பட்டியலில் இல்லை என்றால் ஷெல் எங்கே போய்த் தேடும்?

மறுபடி எப்போதாவது இப்படி மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். செட், எக்கோ, சிடி எல்லாம் ஷெல்லுக்கு உள்ளேயே இருப்பவை, பாத் காலியாக இருந்தாலும் ஓடும். இதைத் தட்டினால் அந்த டெர்மினல் உயிர் பெறும்:

செட் -ஜிஎக்ஸ் பாத் /யூஎஸ்ஆர்/பின் /பின் $பாத்

பிறகு நானோவில் கான்ஃபிக் கோப்பைத் திறந்து திருத்திக்கொள்ளலாம்.

ஃபிஷ்ஷில் மாறி என்பது சரம் அல்ல, பட்டியல். இந்த ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்பை மாறியில் வைத்து, மேற்கோள் குறி போடாமல் ஒரு கட்டளைக்குக் கொடுத்தால், பாஷ் அதை இரண்டாக உடைக்கும். ஃபிஷ் உடைக்காது, ஓர் உருப்படி ஓர் உருப்படியாகவே போய்ச் சேரும். 2005-இல் ஆக்செல் லில்யென்கிரான்ட்ஸ் ஃபிஷ்ஷை வெளியிட்டபோதே பழைய ஷெல்களோடு ஒத்துப்போவதை விட்டுக்கொடுத்து இந்த வழியை எடுத்தார். அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். பாஷில் மேற்கோள் குறி விட்டுப்போன ஒரு வரியைத் தேடி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தப் பட்டியல் வெளியே போகும்போது என்ன ஆகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கோ மொழியின் கருவிகளுக்கும் ஜாவாவுக்கும் பட்டியல் தெரியாது. இயங்குதளம் அவற்றுக்குக் கொடுப்பது 'பெயர்=மதிப்பு' என்ற வெறும் சரங்களைத்தான். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்து இதுதான் முறை. ஆகவே ஃபிஷ் பட்டியலைச் சரமாக்கித்தான் வெளியே அனுப்புகிறது. மாறியின் பெயர் 'பாத்' என்று முடிந்தால் (கோபாத், பைதான்பாத், கிளாஸ்பாத், எல்டி_லைப்ரரி_பாத்) முக்காற்புள்ளியால் சேர்க்கும். மற்ற எந்தப் பெயராக இருந்தாலும் இடைவெளியால் சேர்க்கும். எக்ஸ்டிஜி_டேட்டா_டர்ஸ் போன்ற மாறிகளின் பெயர் 'பாத்' என்று முடியாது, ஆனால் அவற்றுக்கு முக்காற்புள்ளி தேவை. அவற்றை வைக்கும்போது '--பாத்' என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

சி நிரல் எழுதுபவர்களுக்கு இதன் மறுபக்கம் இடிக்கும். வெளியிலிருந்து '-ஓ2 -வால்' என்ற மதிப்போடு சிஃபிளாக்ஸ் (கம்பைலருக்கான விருப்பங்களை வைக்கும் மாறி) வந்தால் ஃபிஷ்ஷுக்கு அது ஒரே உருப்படி. சி கம்பைலருக்கு 'ஜிசிசி $சிஃபிளாக்ஸ்' என்று கொடுத்தால் இடைவெளியோடு கூடிய ஒற்றை விருப்பமாகப் போய் ஜிசிசி குழம்பும். 'ஸ்ட்ரிங் ஸ்பிளிட்' கட்டளையால் இடைவெளியில் பிரித்துக்கொள்ள வேண்டும். மேக் ஃபைல் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் மேக் அதைப் பழைய எஸ்ஹெச் ஷெல்லிடம் கொடுத்துவிடுகிறது.

சரி, இப்போது மேவன்.

நீங்கள் எழுதியது 'செட் ஜாவா_ஹோம் ...' என்று இருந்திருக்கும், எக்ஸ் இல்லாமல். அப்படி வைத்த மாறி ஷெல்லுக்கு மட்டுமே தெரியும். எக்கோவை ஓட்டுவது ஷெல்லேதான், அதனால் அது சரியாகக் காட்டியது. மேவன் தனி நிரல், அதற்கு மாறி போய்ச் சேரவில்லை. ஜாவா ஹோம் இல்லாவிட்டால் மேவன் பாத்தில் முதலில் அகப்படும் ஜாவாவை எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் அது 21.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ் போலத்தான் சூழல் மாறிகள். பெட்டிக்குள் வைத்ததுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். அடுப்பில் இருப்பது கிடைக்காது. பிள்ளை கிளம்பிப் போன பிறகு வீட்டில் என்ன சமைத்தாலும் அந்தப் பெட்டிக்குள் போகாது. பிள்ளை பெட்டியில் இருப்பதைக் கொட்டினாலும் வீட்டுச் சட்டியில் குறையாது. செட்டோடு போடும் 'எக்ஸ்', பெட்டிக்குள் வை என்று சொல்வது. காலையிலேயே திறந்து வைத்த எடிட்டர் நீங்கள் மதியம் மாற்றிய ஜாவா ஹோமைப் பார்க்காததும், ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் அதற்குள் வைத்த மாறி ஓடி முடிந்ததும் காணாமல் போவதும் இதனால்தான். பின்னதற்காகத்தான் 'சோர்ஸ்' இருக்கிறது. அது ஸ்கிரிப்டைத் தனிப் பிள்ளையாக அனுப்பாமல் வீட்டு அடுப்பிலேயே சமைக்கிறது.

எக்ஸோடு இன்னோர் எழுத்தும் வேண்டும்: மாறி எந்த எல்லைக்குள் வாழ வேண்டும் என்று. எல் போட்டால் அந்தக் கட்டுக்குள் மட்டும். ஜி போட்டால் இந்த ஷெல் முழுவதும். பெரிய யூ போட்டால் யுனிவர்சல்: திறந்திருக்கும் எல்லா ஃபிஷ் ஜன்னல்களுக்கும் உடனே பரவும், கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைக்கும். ஃபிஷ் அதை ஃபிஷ்_வேரியபிள்ஸ் என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது.

யுனிவர்சலைப் பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துவிடும். ஒரு முறை தட்டினால் போதும், கான்ஃபிக் கோப்பே வேண்டாம் என்று தோன்றும். நிரலாக்கக் கருவிகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். என் கதையைக் கேளுங்கள். ஜாவா 11-இல் வேலை செய்த காலத்தில் ஜாவா ஹோமை யுனிவர்சலாக வைத்திருந்தேன். பல மாதம் கழித்து வேறொரு திட்டத்துக்கு 17 தேவைப்பட்டது, கான்ஃபிக்கில் ஜியோடு 17 வைத்தேன், நன்றாக ஓடியது. பின்னொரு நாள் அந்த வரியைத் தேவையில்லை என்று நீக்கினேன். செத்துப்போனதாக நினைத்திருந்த 11 மறுபடி எழுந்து வந்தது. ஃபிஷ் ஒரு பெயரைத் தேடும்போது முதலில் உள்ளூர், அடுத்து குளோபல், கடைசியில்தான் யுனிவர்சல். குளோபல் மேலே மூடியிருந்த வரைக்கும் அடியில் கிடந்தது தெரியவில்லை. எந்தக் கோப்பிலும் '11' என்று நான் எழுதிவைக்காத ஒரு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடியே அரை நாள் போனது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. தாய் புரோசஸிடமிருந்து வந்த மாறிகளை ஃபிஷ் குளோபலாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் டெஸ்க்டாப்பிலிருந்து ஏற்கனவே எடிட்டர் என்ற மாறி வந்துகொண்டிருந்தால், நீங்கள் யுனிவர்சலாக எத்தனை முறை வைத்தாலும் அது மேலே வராது. இன்னொன்று, ரகசியச் சாவிகள். ஏபிஐ சாவியை யுனிவர்சலாக வைத்தால் அது வெறும் எழுத்தாகக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். கான்ஃபிக் கோப்புறையை கிட் களஞ்சியத்தில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அந்தச் சாவியும் சேர்ந்து போய்விடும்.

ஆக, கோப்பில் எழுதுங்கள், ஜிஎக்ஸ் போடுங்கள். கோப்பு இருக்கும் இடம் ~/.கான்ஃபிக்/ஃபிஷ்/கான்ஃபிக்.ஃபிஷ். உங்கள் கணினிக்கு நான் எழுதுவது இவ்வளவுதான்:

செட் -ஜிஎக்ஸ் ஜாவா_ஹோம் /யூஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம்/ஜாவா-17-ஓபன்ஜேடிகே-ஏஎம்டி64
ஃபிஷ்_ஆட்_பாத் -ஜி $ஜாவா_ஹோம்/பின்
ஃபிஷ்_ஆட்_பாத் -ஜி /யூஎஸ்ஆர்/லோக்கல்/கோ/பின் ~/கோ/பின்

இரண்டாவது வரி எதற்கென்றால், மேவன் 17-இல் ஓடி, நீங்கள் நேரடியாகத் தட்டும் ஜாவா 21-இல் ஓடுவது பெரிய தலைவலி. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஃபிஷ்_ஆட்_பாத் 2021-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. பாத்தைக் கையால் தொடுவதைவிட இது பாதுகாப்பானது: ஏற்கனவே உள்ள கோப்புறையை மறுபடி சேர்க்காது, இல்லாத கோப்புறையைச் சேர்க்காது, புதியதை முன்னால் வைக்கும். ஜி போடாவிட்டால் அது யுனிவர்சலில் எழுதும். அப்புறம் கான்ஃபிக்கிலிருந்து வரியை நீக்கினாலும் கோப்புறை பாத்தில் தொடரும், மேலே சொன்ன ஜாவா 11 கதைதான். இது வருவதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில் ஃபிஷ்_யூசர்_பாத்ஸ் என்ற மாறியில் யுனிவர்சலாகச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்த வரியைக் கான்ஃபிக்கில் போட்டால் பழைய ஃபிஷ் பதிப்புகளில் ஒவ்வொரு முறை டெர்மினல் திறக்கும்போதும் பட்டியல் ஒன்று நீளும். அப்படி நீண்டு கிடக்கிறதா என்று 'கவுண்ட் $பாத்' தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோபாத்தையும் (கோவின் பணிக் கோப்புறை) கோரூட்டையும் (கோ நிறுவப்பட்ட இடம்) நான் வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2017-இல் வந்த கோ 1.8 முதல், கோபாத் வைக்காவிட்டால் கோ தானாகவே வீட்டுக் கோப்புறையில் உள்ள 'கோ'வை எடுத்துக்கொள்கிறது. கோரூட்டை கோ நிரலே கண்டுபிடித்துக்கொள்ளும். வைத்தால்தான் ஆபத்து: கோவைப் புதுப்பிப்பீர்கள், கோரூட் பழைய இடத்தையே காட்டும், கம்பைலர் ஒரு பதிப்பும் கோ கருவி இன்னொரு பதிப்பும் என்று பொருந்தாத பிழை வரும். தேவையில்லாத மாறியை வைக்காமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். கட்டாயம் கோபாத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் வளைகோடு (~) போடாதீர்கள். குறிக்குள் இருந்தால் ஷெல் அதை விரிக்காது, கோவும் அந்தப் பாதையை ஏற்காது.

இங்கேயே இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். '$கோபாத்/பின்' என்று எழுதி, கோபாத் வைக்கப்படாமலே இருந்தால் பாஷ் '/பின்' என்று எடுத்துக்கொள்ளும். ஃபிஷ் எதையுமே எடுத்துக்கொள்ளாது, காலிப் பட்டியலால் பெருக்கினால் காலிதான். பிழையும் வராது, கோப்புறையும் சேராது, சத்தமே இல்லாமல் அந்தச் சொல் மறைந்துவிடும். இதே காரணத்தால் மாறி இருக்கிறதா என்று பார்க்க 'டெஸ்ட் -என் $கோபாத்' எழுதக் கூடாது. மாறி இல்லாதபோது மிஞ்சுவது 'டெஸ்ட் -என்' மட்டும், வழக்கமான அமைப்பில் அது 'ஆம்' என்றே பதில் சொல்லும். 'செட் -க்யூ கோபாத்' என்று கேளுங்கள், சரியான பதில் வரும்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. திட்டத்துக்கு ஒரு தனிச் சூழல் அமைக்கும் பைதானின் வென்வ், செயல்படுத்தும் கோப்பை ஃபிஷ்ஷுக்கென்று தனியாகவே தருகிறது. ஆக்டிவேட்டுக்குப் பதிலாக ஆக்டிவேட்.ஃபிஷ்ஷை சோர்ஸ் செய்யுங்கள். ரஸ்டுக்குத் தனி மாறி எதுவும் வேண்டாம், ~/.கார்கோ/பின்னை ஃபிஷ்_ஆட்_பாத்தில் சேர்த்தால் போதும். பைஎன்வ் (பைதான் பதிப்புகளுக்கு), எஃப்என்எம் (நோட் பதிப்புகளுக்கு), டைரென்வ் (கோப்புறைக்கு ஏற்ற மாறிகளுக்கு) போன்றவற்றின் நிறுவல் குறிப்பில் 'இவால்' என்று தொடங்கும் பாஷ் வரி இருக்கும். அதன் உள்ளே இருக்கும் கட்டளையை ஃபிஷ்ஷுக்கான வடிவில் எழுதி, பைப் வழியாகச் சோர்ஸுக்கு அனுப்ப வேண்டும்: 'டைரென்வ் ஹூக் ஃபிஷ் | சோர்ஸ்' என்பது போல. நோட் பதிப்புகளை மாற்றும் என்விஎம் மட்டும் வேறு மாதிரி. அது நிரல் அல்ல, பாஷ் செயல்பாடுகளின் தொகுப்பு, ஃபிஷ்ஷில் ஓடாது. எஃப்என்எம்முக்கு மாறிவிடுவது எளிது. அலுவலகத்தில் யாரோ எழுதிக் கொடுத்த பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றைத்தான் சோர்ஸ் செய்தாக வேண்டும் என்றால் பாஸ் என்றொரு செருகுநிரல் இருக்கிறது. அது பாஷைத் தனியாக ஓட்டி, ஓடுவதற்கு முன்னும் பின்னும் சூழல் மாறிகளை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் ஃபிஷ்ஷுக்குள் கொண்டுவருகிறது.

ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் மாறி தேவையென்றால் கோப்பைத் தொடவே வேண்டாம். 2020-இல் வந்த 3.1 முதல் பாஷைப் போலவே 'ஜிஓஓஎஸ்=விண்டோஸ் கோ பில்ட்' என்று முன்னால் எழுதலாம். அதற்கு முந்தைய பதிப்பில் 'என்வ்' என்ற சொல்லை முன்னால் சேர்க்க வேண்டும்.

ஃபிஷ்ஷை லாகின் ஷெல்லாக, அதாவது கணினிக்குள் நுழையும்போதே தொடங்கும் ஷெல்லாக மாற்றலாமா என்றும் ஓர் வரியில் கேட்டிருந்தீர்கள். நான் மாற்றுவதில்லை. லாகின் ஷெல் பாஷாகவே இருக்கட்டும், டெர்மினல் செயலியின் அமைப்பில் மட்டும் ஃபிஷ்ஷை ஓட்டச் சொல்லிவிடுங்கள். கணினியின் ப்ரொஃபைல் கோப்புகளை எல்லாம் பாஷ் வழக்கம்போல் படித்து டிபன் பாக்ஸில் கட்டிவிடும், ஃபிஷ் அதன் மேல் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் டெஸ்க்டாப் ஐகானைச் சொடுக்கித் திறக்கும் ஐடிஇக்கு உங்கள் ஃபிஷ் கான்ஃபிக் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அதன் தாய் ஃபிஷ் அல்ல. ஐடிஇயை டெர்மினலிலிருந்தே திறந்தால் இந்தக் குறை இல்லை. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானும் அப்படித்தான், அது உங்கள் ஷெல்லைக் கேட்காமல் எஸ்ஹெச்சில் ஓட்டும், கிரான் கோப்பிலேயே மாறியை எழுத வேண்டும்.

கான்ஃபிக்.ஃபிஷ் எல்லா நேரத்திலும் படிக்கப்படும், ஸ்கிரிப்டை ஓட்டும்போதும்கூட. அதனால் சூழல் மாறிகளை 'ஸ்டேட்டஸ் இஸ்-இன்டராக்டிவ்' நிபந்தனைக்கு வெளியே வையுங்கள். வாழ்த்துச் செய்தி, வண்ணம் போன்றவற்றை உள்ளே வையுங்கள். பின்னாளில் ஃபிஷ்ஷையே லாகின் ஷெல்லாக்கினால், வெளியே அச்சிடும் ஒரு வரிகூட எஸ்சிபி கோப்பு மாற்றத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது திருத்தத்தைச் செய்துவிட்டு, இருக்கிற டெர்மினல்களை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறங்கள். அதே ஜன்னலில் 'எக்ஸெக் ஃபிஷ்' தட்டினால் கெட்டுப்போன பழைய பாத்தும் கூடவே வரும். திறந்ததும் முதலில் 'செட் --ஷோ ஜாவா_ஹோம்' தட்டுங்கள். எந்த எல்லையில் எந்த மதிப்பு இருக்கிறது, வெளியே போகிறதா இல்லையா என்று தனித்தனியாகக் காட்டும். முன்பு முயன்று பார்த்த யுனிவர்சல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் 'செட் -இ -யூ ஜாவா_ஹோம்' அதைத் துடைத்துவிடும், யூ பெரிய எழுத்து. அடுத்து 'என்வ் | கிரெப் ஜாவா'. என்வ் தனி நிரல் என்பதால் மேவன் பார்ப்பதைத்தான் அதுவும் பார்க்கும், எக்கோவைவிட நம்பலாம். கடைசியாக 'எம்விஎன் -வெர்ஷன்'. அதில் 17 வரவில்லை என்றால் செட் --ஷோ காட்டியதை அப்படியே எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.